மருந்துக்கு 50 லட்சம், கவனிப்புக்கு?

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021 மார்ச்சில் வந்தது. அரசு தானாக முன்வந்து தந்ததல்ல அது. காச்சர் என்ற அரிய நோயுள்ள ஒரு சிறுவனுக்கு இலவசமாக மருந்து கொடுக்க வேண்டும் என்று 2014-இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சிறுவனின் தந்தை ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்தவர். 2017-இல் வந்த முதல் கொள்கையை அரசே நிறுத்தி வைத்தது. இப்போதிருப்பது இரண்டாவது.

இதன் நன்மைகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தொடக்கத்தில் ஒரு பிரிவு நோய்களுக்கு மட்டும் 20 லட்சம் ரூபாய் என்றிருந்த உதவி, 2022-இல் எல்லாப் பிரிவுகளுக்கும் 50 லட்சம் வரை உயர்ந்தது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உள்ளிட்ட சில மருத்துவமனைகள் உயர்சிறப்பு மையங்களாயின. சொந்தப் பயன்பாட்டுக்காக வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் மருந்துகளுக்கு 2023 ஏப்ரல் முதல் சுங்க வரி இல்லை. பெயர்கூடத் தெரியாத நோயோடு ஊர் ஊராக அலைந்த குடும்பங்களுக்குப் போய்ச் சேர ஓர் இடமாவது கிடைத்தது.

ஆனால் அந்த 50 லட்சம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்க வேண்டும். காச்சர் நோய்க்கான நொதி மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். அளவு உடல் எடையைப் பொறுத்தது. பத்துக் கிலோ குழந்தை இருபது கிலோ ஆகும்போது மருந்தும் இரண்டு மடங்காகிறது. பிள்ளை தேறி வருவதைக் கண்டு மகிழ வேண்டிய தாய், எடை பார்க்கும் போதெல்லாம் மிச்சப் பணம் இன்னும் எத்தனை மாதம் வரும் என்று கணக்குப் போடுகிறாள். சிகிச்சையோ வாழ்நாள் முழுக்க வேண்டும், உதவிக்கு உச்சவரம்பு. பாதியில் நின்றால் நோய் மறுபடி தலைதூக்கும்.

எல்லாருக்கும் கொடுக்கக் கஜானா தாங்காது, ஒரு குழந்தைக்கு ஆகும் செலவில் நூறு பேரைக் காப்பாற்றலாம் என்பது அரசுத் தரப்பின் வாதம். கோடிக்கணக்கில் விலை வைக்கப்பட்ட மரபணு மருந்தைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. அந்த விலையைத் தட்டிக்கேட்கும் பொறுப்பு அரசுக்கு இருக்கிறது என்பது வேறு விஷயம். ஆனால் செலவு குறைவான இடத்திலும் இதே கொள்கை தொடக்கத்தில் கையை விரித்ததே, அங்கேதான் அந்த வாதம் உடைகிறது. சிறப்புப் பால்மாவும் உணவுக் கட்டுப்பாடும் இருந்தாலே மூளைப் பாதிப்பிலிருந்து காக்கக்கூடிய வளர்சிதை நோய்கள் உண்டு. அவற்றை மாநிலங்கள் ‘பரிசீலிக்கலாம்’ என்று 2021 கொள்கை விட்டுவிட்டது. பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் இந்நோய்களுக்கான ரத்தப் பரிசோதனை இன்றும் நாடு முழுவதும் நடைமுறையில் இல்லை.

என் பெரிய குறை வேறு. எஸ்.எம்.ஏ. என்னும் தசைச் சிதைவு நோயின் கடுமையான வகையில் குழந்தைக்கு இருமிச் சளியைத் துப்பத் தெம்பிருக்காது. இரவில் நெஞ்சு கரகரக்கும்போது தாய் எழுந்து, சக்ஷன் மிஷினைப் போட்டு, மெல்லிய குழாயை வாய்க்குள் விட்டுச் சளியை இழுக்க வேண்டும். மின்சாரம் போனால் பேட்டரி வேண்டும். மூக்குக் குழாய் வழியாகப் பாலூட்ட வேண்டும். குழாய் இடம் மாறிப் பால் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தேர்ந்த செவிலியர் செய்கிற வேலை இது. இதைச் செய்கிற தாய்க்கு முறையான பயிற்சியோ, மிஷினோ, ஒரு ராத்திரி தூங்க மாற்றாளோ அந்த 50 லட்சத்தில் வருவதில்லை.

வீட்டுக் கவனிப்பின் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி அமெரிக்காவில் 1981-இல் எழுந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த கேட்டி பெக்கெட் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு மருத்துவமனையில் இருந்தால்தான் அரசு பணம் தரும். வீட்டுக்குப் போனால் தராது. வீட்டுச் செலவோ வெகு குறைவு. அதிபர் ரீகனே தலையிட்டு அவளை வீட்டுக்கு அனுப்ப வழிசெய்தார். மறு ஆண்டு சட்டமே மாறியது. அங்கும் இன்று வீட்டுச் செவிலியர் பற்றாக்குறை இருக்கிறது, ஆனால் வீட்டுப் பராமரிப்பும் சிகிச்சைதான் என்பது சட்டத்தில் ஏறிவிட்டது. நம் கொள்கையோ பணப் பற்றாக்குறைக்கு இணையத்தில் நன்கொடை திரட்டும் தளத்தைக் காட்டுகிறது. உரிமையாகக் கிடைக்க வேண்டியதைக் குழந்தையின் படத்தைப் போட்டு ஊராரிடம் கேட்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே மருந்துக் கொள்கையாக இது பாதி தேறுகிறது. குழந்தைகளுக்கான பராமரிப்புக் கொள்கையாகத் தேறவில்லை. தமிழ்நாட்டுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. 2021 ஆகஸ்டில் இங்கே தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ஏற்கெனவே இயன்முறை மருத்துவத்தையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. எழும்பூரிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் அதன் ஊரில் உள்ள இத்திட்டக் குழுவின் பட்டியலில் ஏற வேண்டும்; சக்ஷன் மிஷினை அரசு இரவலாகத் தர வேண்டும்; குழாய் மாற்றவும் சளி எடுக்கவும் தாய், தந்தை இருவரும் பழகிக்கொள்ளாமல் டிஸ்சார்ஜ் எழுதக் கூடாது.