கோடில்லாக் குறிகள் குறையுடையனவோ?

மேனாட்டு இசைவரலாறு எழுதுவோருட் சிலர், 9, 10-ஆம் நூற்றாண்டுகளிற் கத்தோலிக்கத் துறவிமடங்களில் எழுதப்பெற்ற இலத்தீன் வழிபாட்டிசையேடுகளைக் குறித்துக் கூறுமிடத்து, அவற்றின் இசைக்குறிகள் முதிராதன என்றும், 11-ஆம் நூற்றாண்டிற் கோடுகள் வரையப்பெற்ற பின்னரே இசையெழுத்து நிறைவெய்திற்று என்றும் முடிபு கட்டுவர். அம்முடிபு பொருந்துமா என ஈண்டு ஆராய்வாம்.

636-இல் மறைந்த செவில் நகரத்து இசிதோர் என்னும் பேரறிஞர், ஒலிகள் எழுதப்படாமையின், மாந்தர் நினைவில் நில்லாவிடின் அவை அழியும் என்றார். அவர் காலத்து வழிபாட்டிசை எழுதாக்கிளவியாய், ஆசிரியன் வாயினின்று மாணாக்கன் செவிக்கு வழிவழி வந்தது. ‘நியூமா’ எனப்படும் இசைக்குறிகளோ 9-ஆம் நூற்றாண்டு முதலே ஏடுகளிற் காணப்படுகின்றன.

அவ்வேடுகளுட் சிறந்ததொன்று, சுவிட்சர்லாந்து நாட்டுச் சங்க்ட் காலன் மடத்து நூலகத்தில் 359 என்னும் எண்ணுடன் காக்கப்பெறும் தோலேடு. 10-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பெற்ற அது, தனித்துப் பாடுவோனுக்குரிய பாடல்களைக் கொண்டது. பாடற்சொற்களின் மேல் நுண்ணிய கோடுகளும் புள்ளிகளும் வளைவுகளும் நிரல்பட நிற்கின்றன. குரல் ஏறுமிடமும் இறங்குமிடமும், ஓரசைக்கு இத்துணைச் சுரம் என்பதும் அவற்றால் விளங்கும். எத்துணைப் படி ஏறுதல் வேண்டும் என்பது விளங்காது.

அற்றேல், பாடல் அறியாதானுக்குப் பயன்படாத குறி குறையுடையதே எனின், அற்றன்று. அக்குறி பாடல் அறியாதானை நோக்கி எழுந்ததன்று. சுரவரிசை பாடுவோன் நெஞ்சில் முன்னரே உளது. எச்சுரத்தில் நிற்பது, எதனை விரைந்து கடப்பது என்பனவே அவனுக்கு நினைவூட்டற்பாலன. ஆகலின் ‘விரைக’ என்பதற்கு ஓரெழுத்தும், ‘நிறுத்துக’ என்பதற்கு மற்றோரெழுத்தும், நீட்டத்திற்குத் தலைமேற் சிறு கீற்றும் இட்டனர். ஏற்ற இறக்கத்திற்கும் சில எழுத்துக்கள் உள. 912-இல் மறைந்த நோத்கர் என்னும் அம்மடத்துத் துறவி இவ்வெழுத்துக்களை விளக்கி ஒரு திருமுகமே வரைந்துள்ளார். ஒரு கருவியின் நிறைவும் குறைவும் அஃது எய்தக் கருதிய பயன் கொண்டே துணியப்படும்.

11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரெத்சோ நகரத்துக் குயிதோ, கோடுகளின்மேலும் அவற்றின் இடைவெளிகளிலும் குறிகளை நிறுத்தி, இரு சுரங்களின் இடத்தைச் செந்நிறக் கோட்டாலும் மஞ்சட் கோட்டாலும் தெரிவித்தார். பத்தாண்டிலும் முற்றாத பயிற்சி ஓரிரண்டு ஆண்டில் முடியும் என்றார். போப்பாண்டவர் 19-ஆம் யோவான் அவரை உரோமைக்கு அழைத்து, முன் கேளாத பாட்டொன்றைத் தாமே அம்முறையாற் பாடி வியந்தனர். இதன் பெருமையை யாம் மறுக்கின்றிலம். ஆயினும் கோட்டேடுகள் பெருகப் பெருக, நீட்டமும் விரைவும் காட்டிய நுண்குறிகள் மெல்ல மெல்ல வழக்கொழிந்தன. அந்நடையுணர்ச்சி மங்கிய பிற்காலத்தே, 1614-15-இல் உரோமை மெதிச்சி அச்சகத்தில் வெளிவந்த பதிப்பில், ஓரசைமேல் நீண்டு செல்லும் இசைத்தொடர்கள் பலவும் மிகையெனக் குறைக்கப்பட்டன. சுரம் ஏட்டிலிருந்தும் அதன் நடை அறியப்படாவிடத்து, அணி சுமையாய்த் தோன்றுதல் இயல்பே.

இழந்தது எங்ஙனம் மீண்டது? பிரெஞ்சு நாட்டுச் சொலெம் மடத்தார் 1889 முதல் பழைய ஏடுகளை ஒளிப்படமாக வெளியிடலாயினர். அம்மடத்துக் கார்தீன் என்னும் துறவி குறிகளை ஒப்புநோக்கி அவற்றின் நடைப்பொருளை விரித்தார். 1979-இல் வெளிவந்த ‘கிராதுவாலே திரிப்ளெக்சு’ என்னும் நூலில், கோட்டிலமைந்த சுரங்களின்மேல் லான் நகரத்து ஏட்டின் குறிகள் கறுப்பிலும், கீழே சங்க்ட் காலன் மரபுக் குறிகள் செந்நிறத்திலும் பதிக்கப்பட்டன. பழங்குறிகள் முதிராதனவே எனின், முதிர்ந்த எழுத்தின் பக்கத்தில் அவற்றை மீட்டும் நிறுத்துவானேன்?

எனினும் சுரத்தின் கால அளவு பற்றி அறிஞர் இன்றும் மாறுபடுவர். வாய்மொழி அற்றவிடத்து எத்துணை ஏடும் ஐயம் முற்றும் அறுக்கமாட்டாது. ஆதலின் கோடில்லாக் குறி குறையுடையதன்று. அதனைத் தாங்கி நின்ற ஆசிரிய மரபு இடையற்றதே குறையென்பது எம் துணிபு.