நிலவுக் கிளர்ச்சியும் அதன் உள்நோக்கங்களும்

ராபர்ட் ஏ. ஹைன்லைன் எழுதிய ‘த மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்’ ‘இஃப்’ இதழில் தொடராக வெளிவந்து, 1966-ல் நூலாகியது. 1967-ல் ஹியூகோ விருது பெற்றது. அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாக இருந்த ஹைன்லைனின் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ (1959) ராணுவ அறிவியல் புனைகதைக்கு முன்னோடியான ஆக்கம். அது ஒரு போர்வீரனின் கடமையைப் பேசியது. இந்நாவலில் போர் பிற்பகுதியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய பெரும்பகுதி கிளர்ச்சிக்குத் திட்டமிடுவதிலேயே செல்கிறது.

கதை 2075-ல் தொடங்குகிறது. நிலவு ஒரு தண்டனைக் குடியேற்றம். அங்கிருக்கும் முப்பது லட்சம் பேரில் பெரும்பாலோர் இப்போது கைதிகள் அல்ல, கைதிகளின் வழித்தோன்றல்கள். ஆனால் குறைந்த ஈர்ப்புவிசைக்குப் பழகிய அவர்களின் உடல் பூமியில் நிலைத்து வாழ இடம்தராது. அவர்கள் விளைவிக்கும் கோதுமையை நிர்வாக ஆணையம் தான் வைத்த விலைக்கு வாங்கி, கவண் போன்ற மின்காந்தப் பொறியால் பூமிக்கு எறிகிறது. அதில் பெரும்பங்கு இந்தியாவுக்குச் செல்கிறது.

கிளர்ச்சியின் மையத்தில் இருப்பவர்கள் நால்வர். நால்வருக்கும் நோக்கம் வேறு. வயோமிங் நாட் சிறுமியாகத் தாயுடன் நிலவுக்கு வந்தபோது ஆணையத்தின் அலட்சியத்தால் கதிர்வீச்சுக்கு ஆளானவள். அதன் விளைவாக அவளுக்குப் பிறந்த குழந்தை ஊனமுற்றிருந்தது. அவளுடையது பழிவாங்கும் வேகம். பேராசிரியர் பெர்னார்டோ டி லா பாஸ் கொள்கைக்காரர், எந்த அரசையும் ஏற்காதவர். கணினிப் பணியாளன் மானுவலுக்கு முதலில் அரசியலில் ஆர்வமே இல்லை. வெற்றிக்கான வாய்ப்பு ஏழில் ஒன்று என்று தெரிந்தபின்தான் சூதாடியின் உற்சாகத்துடன் சேர்ந்துகொள்கிறான். நான்காவது, மைக் என்னும் தன்னுணர்வு பெற்ற கணினி. ஒரு துப்புரவுப் பணியாளருக்கு எண்ணிமுடியாத தொகையைச் சம்பளமாக எழுதிச் சிரித்துக்கொள்ளும் இயந்திரம் அது. அதற்குத் தேவை தோழர்களும் ஒரு நல்ல விளையாட்டும் மட்டுமே.

இந்த நான்கு நோக்கங்களையும் ஒன்றாகக் கட்டுவது ஒரு கணக்கு. கோதுமையுடன் நிலவின் நீரும் போய்க்கொண்டிருக்கிறது. ஏற்றுமதி நீடித்தால் ஏழாண்டுகளில் உணவுக்கலவரம், அதற்கு ஈராண்டுக்குப்பின் நரமாமிசம் என்கிறது மைக். வயோமிங் கேட்டது தானியத்துக்கு நியாயவிலை. விலை எதுவானாலும் ஏற்றுமதியே நிற்கவேண்டும் என்கிறார் பேராசிரியர். நாவலின் மிக வலுவான இடம் இந்த விவாதம்தான். விடுதலை என்னும் முழக்கத்தின் அடியில் சோறும் நீரும் இருப்பதை ஹைன்லைன் இங்கே மறைக்கவில்லை.

மக்களிடமிருந்து மறைக்கப்படுபவை வேறு. அவர்கள் நம்பும் தலைவர் ஆடம் செலீன் என்று ஒருவர் இல்லை, அது மைக்கின் குரல். ஒடுக்குமுறை தளர்ந்துவிடக்கூடாது என்பதற்காகவே ஆணையத்தின் காப்பாளரைச் சீண்டுகிறார்கள். பேராசிரியர் பூமிக்குப் பேச்சுவார்த்தைக்குச் செல்வதும் அது தோற்பதற்காகத்தான். அவமதிப்பு வந்தால் நிலவு ஒன்றுபடும் என்பது அவருடைய திட்டம், அது மானுவலுக்கே பிறகுதான் தெரிகிறது. தனிமனித சுதந்திரத்தின் வேதநூலாக இந்நாவலை வாசிப்பவர்கள் இந்தப் பக்கங்களை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். அரசே கூடாது என்பவர், எந்த அரசும் செய்யத் தயங்காத வேலைகளைச் செய்கிறார். அதன் பொறுப்பை அவர் தனியே ஏற்றுக்கொள்கிறார் என்பது உண்மை. ஆனால் ஏமாற்றப்பட்ட ஒருவர்கூட நாவலில் எழுந்து கேள்வி கேட்பதில்லை. அப்படி ஒரு குரல் இருந்திருந்தால் இது இன்னும் பெரிய நாவலாகியிருக்கும்.

மறுதரப்பும் மெலிந்தே இருக்கிறது. நாவல் வெளிவந்த ஆண்டுகளில் இந்தியா வறட்சியில் இருந்தது, பி.எல். 480 திட்டத்தின் அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தது. ரேஷன் கடை வரிசையை அறிந்த இந்திய வாசகருக்கு, கப்பல் நின்றால் என்ன ஆகும் என்ற கேள்வி எழாமலிருக்காது. நாவலில் பசித்த இந்தியர்களில் ஒருவர்கூடக் கதாபாத்திரமாக வளரவில்லை.

போர் பாறைகளால் நடக்கிறது. தானியம் எறிந்த கவணே பூமியின்மீது பாறைகளை எறிகிறது. விடுதலை கிடைத்ததுமே பேராசிரியர் இறக்கிறார். குண்டுவீச்சுக்குப்பின் மைக் பேசுவதை நிறுத்திவிடுகிறது. மானுவல் தொலைபேசியில் மீண்டும் மீண்டும் அதை அழைத்துப் பார்க்கிறான்.