ஆசிரியையின் குற்றம்

மூரியல் ஸ்பார்க்கின் 'தி ப்ரைம் ஆஃப் மிஸ் ஜீன் ப்ரோடி' (1961) நாவலைப் பேசுகிறவர்கள் அந்த ஆசிரியையின் மிடுக்கில் மயங்கி நின்றுவிடுகிறார்கள். முசோலினிமேல் அவளுக்கிருந்த மோகம் ஒரு வேடிக்கைக் குணமாகச் சுருங்கிவிடுகிறது. நாவல் இதற்கு இடம் தருவதாக எனக்குப் படவில்லை.

1930களின் எடின்பரோ. ஜாய்ஸ் எமிலி என்ற மாணவி ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கு ஓடிப்போகிறாள். வழியில் ரயில் தாக்கப்பட்டு இறக்கிறாள். பிராங்கோவின் பக்கம் அவளைத் திருப்பியவள் ப்ரோடி. பின்னால் இதை அவளே ஸாண்டியிடம் சாதாரணமாகச் சொல்கிறாள். இந்தச் சாதாரணம்தான் குற்றம். தவறான அரசியலைக் கொண்டிருந்தது இரண்டாம்பட்சம். தனக்கு எந்த ஆபத்தும் இல்லாத ஒரு கனவை, அதை அப்படியே நம்பிவிடும் வயதிலுள்ள ஒருத்தியிடம் கொடுத்தாள்.

ஸாண்டி காட்டிக்கொடுக்கிறாள், ப்ரோடி வேலையிழக்கிறாள். ஆனால் ஸாண்டியும் சுத்தமானவள் அல்ல. ஜாய்ஸ் எமிலியை ப்ரோடியின் செல்லக் குழு தன்னோடு சேர்த்துக்கொள்ளவே இல்லை. அவளுக்கு நேரம் ஒதுக்கியவள் ப்ரோடி ஒருத்திதான்.

இதனால் ப்ரோடியின் பொறுப்பு குறைகிறதா? இல்லை, கூடுகிறது. ஒதுக்கப்பட்ட பெண்ணின் தனிமைதான் அவளுக்குக் கிடைத்த வாசல். மற்ற மாணவிகளுக்கு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்ளவாவது முடிந்தது. இவளுக்கு ஆசிரியையின் வார்த்தை மட்டுமே இருந்தது.

ஸாண்டி கடைசியில் கன்னியாஸ்திரீயாகிக் கம்பிகளைப் பற்றிக்கொண்டு நிற்கிறாள். தீர்ப்புச் சொன்னவளுக்கும் விடுதலை இல்லை. தன்னைச் சுற்றி ஒரு வட்டம் கூட்டிக்கொள்கிற எவரும் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவரைத்தான் முதலில் கணக்கில் வைக்கவேண்டும்.