யாருக்காகக் கல்வி?

விபுலாநந்த அடிகளின் நினைவுநாள் வந்துவிட்டால் மட்டக்களப்பெங்கும் அவர் சிலைகளுக்கு மாலைகள் விழுகின்றன. மாலை சூட்டுவது எளிது. கல்வி யாருக்காக, எதற்காக என்று அவர் வாழ்க்கை எழுப்பிய வினாவுக்கு விடையிறுப்பதே அரிது.

1892இல் காரைதீவில் பிறந்து விஞ்ஞானம் பயின்ற அடிகள், 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1947இல் அவருடைய யாழ்நூல் வெளிவந்தது. பழந்தமிழ் இசையைக் கணிதத்தாலும் ஒலியியலாலும் ஆராய்ந்த அந்நூலில் மட்டக்களப்பு வாவியின் இன்னிசையும் இடம்பெற்றது. அவ்விசையை முதலிற் கேட்டவர் யார்? நிலவு காலும் இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் அமிழ்த்தி, அதன் பிடியிற் காதை வைத்த மீனவரே அன்றோ! உழைப்பாளியின் செவி அறிந்ததை அறிஞனின் கணக்கு ஏற்றுக்கொண்டது. யாழ்நூலின் பெருமை இவ்விணைப்பிலேயே உளது.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். தோணியிலிருந்து ஏட்டுக்குச் சென்ற அறிவு ஏட்டிலிருந்து தோணிக்குத் திரும்பவில்லை. அந்நூலின் நடை புலவர்க்கே உரியது. மீனவரின் மக்கள் அதனைத் தீண்டவும் அஞ்சுவர். 1945இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வி ஏழைச் சிறார்க்குப் பள்ளியின் கதவைத் திறந்தது. அது மகத்தான வெற்றி. ஆனால் திறந்த கதவின் உள்ளே பரீட்சை என்னும் சல்லடை தொங்குகிறது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கே பிள்ளைகள் டியூட்டரிகளை நாடும் நிலையில், கல்வி ஏறிச் செல்லும் ஏணியாகிறது. ஊரைவிட்டு ஏறியவன் திரும்பி நோக்குவதில்லை.

ஆரையம்பதியில் நின்று இதனைச் சிந்திப்போர்க்கு இன்னுமொரு வினா எழும். ஒருபுறம் வாவி, ஒருபுறம் கடல், வடக்கே காத்தான்குடி. இருவூர்ச் சிறாரும் பேசுவது ஒரே தமிழ். படிப்பதும் பெரும்பாலும் ஒரே பாடத்திட்டம். பள்ளிகளோ வேறு வேறு. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் தமிழ் ஆயுததாரிகளாற் கொல்லப்பட்டனர். அவ்வாண்டிலே கிழக்கின் தமிழ்க் கிராமங்களிலும் குருதி சிந்தியது. படிப்பறிவில்லாத தேசமா இது? எழுத்தறிவிற் சிறந்ததெனப் பேர்பெற்ற தீவு! அயலானின் துயரை அறியக் கற்பியாத கல்வி எவ்வளவு சான்றிதழ்களை வழங்கினும் என்ன பயன்?

வறுமையில் வாடும் பெற்றோர் பரீட்சையை நம்புவதைப் பழித்தல் தகாது. உத்தியோகமன்றி வேறு விடிவை இச்சமுதாயம் அவர்க்குக் காட்டவில்லை. பழி அமைப்பினுடையது. எனவே கோரிக்கையும் அமைப்பை நோக்கியதே: வாவியும் வயலும் பாடமாக வேண்டும், யாழ்நூலின் செய்தி சிறுவர்க்கு விளங்கும் எளிய தமிழில் எழுதப்பட வேண்டும், இருவூர்ப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து கற்க வேண்டும். அடிகளுக்குச் சூட்டத்தக்க மாலை இதுவே.