உப்பப்பாவின் ஆனையும் நமது பிள்ளைகளின் வாசிப்பும்

எட்டாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி பாடசாலை நூலக அலுமாரிக்கு முன்னால் கனநேரமாக நின்றாள். ஒரு நாவலை எடுப்பாள், நாலைந்து பக்கம் புரட்டுவாள், திரும்ப வைப்பாள். கடைசியில் என்னிடம் வந்து கேட்டாள்: "சேர், இதுகள்ள நம்மட ஆக்கள் வாற கதை ஒண்டும் இல்லியா?"

நான் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்றவன். சீறாப்புராணத்தின் காண்டங்களைக் கேட்டிருந்தால் நின்ற இடத்திலேயே சொல்லியிருப்பேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. "நாளைக்குச் சொல்றன் மகள்" என்று சமாளித்து அனுப்பிவிட்டேன். அந்த 'நாளை' இரண்டு வருடமாக நீண்டுவிட்டது. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் ஆசிரியரும் நமது எழுத்தாளர்களும் கூட இதைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

நமது ஊர்களில் பிள்ளைகளின் கதை வாசிப்பு ஐந்தாந் தரத்தோடு முடிந்துபோகிறது. அதுவரை முயலும் ஆமையும், நபிமார் வரலாறு, படக்கதை என்று ஏதோ வாசிக்கிறார்கள். புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது. கதைப் புத்தகம் மூடப்படுகிறது. பிறகு அது திறப்பதில்லை. ஆறாந் தரத்திலிருந்து பதினொராந் தரம் வரையான ஆறு வருடங்களில்தான் ஒரு பிள்ளை தான் யார், எந்த ஊர், என்ன நியாயம் என்று தனக்குள்ளே கேட்கத் தொடங்குகிறது. அந்த ஆறு வருடத்துக்கும் நாம் கொடுப்பது பாடப்புத்தகமும் 'பாஸ்ற் பேப்பரும்' மட்டுந்தான்.

'இஸ்லாமிய நாவல்' என்ற பெயரில் பிள்ளைகளுக்காக வந்த சிலவற்றை வாசித்துப் பார்த்தேன். நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் பெரும்பாலும் ஒரே அச்சு. கெட்ட பையன் ஒருவன் தொழுகையை விடுகிறான், மோட்டார் சைக்கிளில் பறக்கிறான், விபத்தில் சிக்குகிறான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் திருந்துகிறான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் மூன்று பக்கத்துக்குப் பயான் பண்ணுகிறார். பயானுக்கு மிம்பர் இருக்கிறது. அதைக் கேட்க வெள்ளிக்கிழமை இருக்கிறது. நாவலுக்குள்ளே அந்தப் பையன் எதையும் தானாக யோசித்து முடிவெடுப்பதே இல்லை. எழுதியவர் அவனைத் தள்ளி விழுத்துகிறார், அவரே தூக்கி நிமிர்த்துகிறார். பிள்ளைகள் இதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால்தான் பாதியில் மூடி வைக்கிறார்கள்.

எனவே ஒரு நாவலைப் பிள்ளையின் கையில் கொடுக்குமுன் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. கதைக்குள் இருக்கும் பிள்ளை கஷ்டமான ஒரு விசயத்தில் தானே முடிவெடுக்கிறதா, அந்த முடிவின் விலையைத் தானே கொடுக்கிறதா? அது இருந்தால் படிப்பினை தன்பாட்டில் வரும்.

முதலில் நமது வீட்டிலிருந்தே தொடங்குவோம். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் 'அஸன்பேயுடைய கதை' 1885இல் வந்தது. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை, 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவர். அடுத்த இரண்டும் நமது திருகோணமலையார் எழுதியவை: இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891இல், தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இல். இந்தப் பெருமையை மேடைக்கு மேடை சொல்கிறோம். ஆனால் அஸன்பே யார் என்று கேட்டால் பேசியவரே முழிப்பார். மிஸ்ரு நாட்டில் பிறந்து, குழந்தையிலேயே களவாடப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, கல்கத்தாவில் கல்வி கற்று, தன் வேரைத் தேடித் திரும்பும் ஒரு பையனின் கதை அது. கப்பலும் சூழ்ச்சியும் பிரிவும் சந்திப்பும் நிறைந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? தடையாக நிற்பது அதன் பழைய நடை ஒன்றுதான். மூலத்தை அப்படியே கொடுத்தால் பிள்ளை ஓடிவிடும். நான் வகுப்பில் கதையாகவே சொல்கிறேன். சொல்லி முடிந்த பிறகு மூலத்தைக் கேட்டு வாங்கியவர்களும் உண்டு. இன்றைய தமிழில், பிள்ளைகளுக்கு ஏற்ற அளவில் அதை யாராவது மறுபடி எழுதித் தந்தால் அது ஒரு பெரிய சேவை.

ஆறாம் ஏழாம் தரத்துப் பிள்ளைகளுக்கு முதலில் நான் கொடுப்பது மாட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ'. 1947இல் சிங்களத்தில் வந்தது. தமிழிலும் வாசிக்கக் கிடைக்கிறது. உபாலி, ஜின்னா என்ற இரண்டு பொடியன்கள் வீட்டை விட்டு ஓடி, கொக்கலை வாவிக்குள் ஆளில்லாத ஒரு தீவில் குடியேறிப் பயிர் செய்கிறார்கள். வாவியும் கண்டல் காடும் பார்த்து வளர்ந்த நமது பிள்ளைகளுக்கு அந்தத் தீவு அந்நியமாகத் தெரியாது. குறும்புக்காரப் பையன் உழைப்பாளியாகும் விதத்தை ஒருவரும் புத்தி சொல்லாமலே சொல்லிவிடுகிறார் விக்கிரமசிங்க. இன்னொரு காரணத்துக்காகவும் இதைக் கொடுக்கிறேன். பக்கத்துச் சமூகத்துப் பிள்ளையும் அடி வாங்கும், பசிக்கும், பயப்படும் என்பதை நமது பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும். நம்மைப் பற்றியும் அவர்கள் அப்படித் தெரிந்துகொள்ள நாம் எதை எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்பது வேறு கேள்வி.

தீவுக் கதை என்றதும் வகுப்பில் ஒரு சங்கதி சொல்வேன். 1660இல் நமது கொட்டியாரக் குடாவில்தான் ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞன் தகப்பனோடு பிடிபட்டான். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் சிறையிருந்து தப்பிப்போய் 1681இல் ஒரு நூல் எழுதினான். 1719இல் வந்த 'ரொபின்சன் குரூஸோ'வுக்கு அந்த நூலும் ஒரு தூண்டுதல் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்தலூசியாவின் இப்னு துஃபைல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய 'ஹய்யு இப்னு யக்ழான்', தீவில் தனியே வளரும் ஒரு பிள்ளையின் கதை. 1708இல் அது அரபியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போயிருந்தது. அதன் சாயலையும் குரூஸோவில் காண்பவர்கள் உண்டு. "நம்மட மூதூரா சேர்?" என்று பின்வாங்கில் இருக்கிறவன் கூட எழும்பிக் கேட்பான். புத்தகம் என்பது எங்கேயோ தூரத்தில் நடக்கிற சமாச்சாரம் அல்ல என்று அவனுக்கு விளங்குகிற இடம் அது.

சிரித்துக்கொண்டே வாசிக்க வேண்டுமென்றால் செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்'. கதிர்காமத்துக்குப் புறப்படும் ஒரு யாழ்ப்பாணத்து ஆச்சியின் பயணக் கதை. "கோயிலுக்குப் போற கதய நம்மட புள்ளைக்கு ஏன் குடுக்கிறீங்க?" என்று ஒரு தகப்பன் கேட்டார். நமது உம்மும்மா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது வீட்டில் நடந்த அமளியை அவருக்கு நினைவுபடுத்தினேன். சிரித்துவிட்டுப் போனார்.

எட்டாம் ஒன்பதாம் தரத்துக்கு வைக்கம் முகம்மது பஷீரின் 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது'. குளச்சல் மு. யூசுப்பின் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. குஞ்ஞுப்பாத்துமாவின் உம்மாவுக்குத் தன் வாப்பா ஆனை வைத்திருந்த பெருமை ஒன்றே போதும். வழக்கில் சொத்துப் போகிறது, வீடு போகிறது. ஆனைப் பெருமை மட்டும் போகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத குஞ்ஞுப்பாத்துமாவுக்குப் பக்கத்து வீட்டு ஆயிஷா எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். கடைசியில் தெருப் பிள்ளைகள் அந்த ஆனை வெறும் குழியானை என்று கேலி பண்ணுகிறார்கள், மணலில் குழி பறித்துக் கிடக்குமே, அந்தப் பூச்சி. வாசித்துச் சிரிக்கிற பிள்ளை கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்தி யோசிக்கும். எங்கள் வீட்டு ஆனை எது?

எனக்கு இந்த நாவல் ஒரு கண்ணாடி. முதல் நாவல் நம்முடையது, சீறா நம்முடையது, இத்தனை புலவர்கள் நம்முடையவர்கள் என்று ஆய்வரங்குகளில் நாம் ஆனை ஓட்டுகிறோம். அந்த ஆனை மெய்யான ஆனைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டுப் பிள்ளைக்கு எழுத்துக் காட்டாமல் விட்டால் நமக்கும் அந்த உம்மாவுக்கும் என்ன வித்தியாசம்?

பத்தாந் தரத்துக்கு மேலே மூன்றைச் சொல்வேன். பஷீரின் 'பால்யகால சகி' (1944). மஜீதும் சுஹராவும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக இருக்கும் முதல் பகுதியைப் போல நமது வீட்டுச் சூழலை இவ்வளவு அன்போடு எழுதிய வேறொன்றை நான் காணவில்லை. சுஹராவின் வாப்பா மௌத்தானதும் அவளுடைய படிப்பு நிற்கிறது. அவளைப் படிக்க வைக்கும்படி மஜீத் வசதியுள்ள தன் வாப்பாவிடம் கேட்கிறான், அவர் மறுத்துவிடுகிறார். பின்னால் வரும் அவ்வளவு துயரத்துக்கும் விதை அந்த மறுப்பில் இருக்கிறது. "இது காதல் கதையாச்சே" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நமது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்க்கும் காதலைவிட, பசியையும் பொறுப்பையும் கண்ணியத்தையும் சேர்த்துச் சொல்லும் இந்தக் காதல் அவர்களுக்குக் கெடுதி செய்யாது.

அடுத்தது கிர்கீஸிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'. அதிகம் படிக்காத தூய்ஷேன் என்ற வாலிபன் பழைய குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக்கி, குளிரில் உறையும் ஓடையைப் பிள்ளைகளைச் சுமந்து கடக்க வைக்கிறான். உம்மா வாப்பா இல்லாத அல்தினாயை அவளது வீட்டாரே ஒருவனுக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். அவளை மீட்டு நகரத்துக்குப் படிக்க அனுப்புகிறான். இதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. சோவியத் காலத்துக் கதை. பழைய சமூகம் என்றாலே இருட்டு, வெளிச்சமெல்லாம் லெனின் படத்திலிருந்து வருகிறது என்ற பார்வை அதில் இருக்கிறது. அதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொல்கிறேன். அல்தினாய்க்கு நேரும் கொடுமையும் லேசானதல்ல. ஆகவே வயது பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். என்றாலும் ஒரு பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கதைகள் குறைவு.

மூன்றாவது தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988). முதலில் 'முஸ்லிம் முரசு'வில் தொடராக வந்தது. ஊரை அடக்கியாளும் முதலாளி, கராமத்துக் காட்டி ஏய்க்கும் தங்ஙள், ஊருக்குள் வரும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் எதிர்ப்பு, முதலாளிக்குத் தலை குனியாத ஏழை வியாபாரி மஹ்மூது. குமரி மாவட்டத்துப் பேச்சு மொழி முதலில் இடறும். இருபது பக்கம் பொறுத்தால் போதும், பழகிவிடும். நமது பேச்சையும் இப்படி வெட்கப்படாமல் எழுதலாம் போல என்று ஒரு மாணவன் சொன்னான். அந்த ஒரு வசனத்துக்காகவே அந்தப் புத்தகத்தை வாங்கலாம்.

இப்போது பட்டியலைத் திரும்பிப் பாருங்கள். அஸன்பே நமது ஆள், அவன் ஊர் மிஸ்ரு. மடோல் தூவ நமது நாடு, ஆனால் ஆட்கள் வேறு. பஷீரும் மீரானும் நமது வீட்டை எழுதினார்கள். அந்த வீடு அக்கரையில் இருக்கிறது. மூதூர் மண்ணில் பிறந்த வ. அ. இராசரத்தினம் நமது கடற்கரையை எழுதினார். தனக்கென்று ஒரு தோணி வேண்டுமென ஏங்கும் மீனவப் பிள்ளையை அவருடைய 'தோணி' சிறுகதையில் காணலாம். அதையும் என் வகுப்பு வாசிக்கிறது. ஆனால் நமது கடற்கரை, நமது வீடு, நமது பிள்ளை மூன்றும் ஒன்றாகச் சேரும் ஒரு நாவலை இந்த வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க என் அலுமாரியில் இல்லை. அந்த மாணவி கேட்டது அதைத்தான்.

எழுதுவதற்கு விசயமா இல்லை? 2006 ஓகஸ்டில் மூதூர்ப் பகுதிச் சனம் கைக்குழந்தையும் வயோதிபருமாகக் கந்தளாய்க்கு நடந்தது. அன்று பன்னிரண்டு பதின்மூன்று வயதாயிருந்த பெண் பிள்ளைகள்தான் இன்று என் வகுப்புப் பிள்ளைகள் பலரின் உம்மாமார். வீட்டில் அவர்கள் அதைச் சொல்வதில்லை, பிள்ளைகளும் கேட்பதில்லை. அந்தப் பாதையில் நடந்த ஒரு பிள்ளை எதை எடுத்துக்கொண்டு போனது, எதை விட்டுவிட்டுப் போனது, யாருக்குத் தண்ணீர் கொடுத்தது, யாருக்குக் கொடுக்காமல் விட்டது? பயான் வேண்டாம், இதை மட்டும் யாராவது எழுதட்டும்.

அதுவரைக்கும் பாதிப் பாதியான இந்தப் பட்டியல்தான் என்னிடம் உண்டு. அந்த மாணவி இப்போது பத்தாந் தரம். போன தவணையில் அவளிடம் 'பால்யகால சகி'யைக் கொடுத்தேன். வாசித்து முடித்து வந்து, "நம்மட ஆக்கள்தான் சேர். ஆனா நம்மட ஊரில்ல" என்றாள். பிறகு தனக்கு ஒரு எண்பது பக்கக் கொப்பி வேண்டுமென்று கேட்டாள். என்னத்துக்கு என்று நான் கேட்கவில்லை. வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.