மாந்திரிகர் என்னுஞ் சொல்லும் மேலைமொழிச் சொற்களும்

பள்ளிக்கூடங்களில் வழங்கும் சிற்றகராதிகளுள் 'மஜீசியன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே 'மந்திரவாதி' என்னும் ஒரு சொல்லே பெரும்பாலும் நிற்கும். மாணாக்கர் அதனை மனனஞ் செய்து, சேக்சுபியரின் நாடகத்து வரும் புரொசுப்பரோவையும் மந்திரவாதி என்பர். மேடையிலே வெறுந்தொப்பியினின்று முயலை எடுத்துக் காட்டுபவனையும் மந்திரவாதி என்பர். நோயாளிக்குத் திருநீறிட்டு நூல் கட்டும் ஊர்ப் பெரியாரையும் அச்சொல்லாலேயே சுட்டுவர். ஒரு சொல் மூவரையும் ஒருங்கே குறிக்கும்போது மூவருள் இழிந்தவனது இயல்பு ஏனை இருவர்க்கும் ஏறிவிடுகின்றது. இது சொல்லாராய்ச்சி பற்றிய சிறு குறை மாத்திரமன்று; ஒரு நாட்டு மக்களின் மதிப்பையும் தொடுவதாகும். மாந்திரிகத்துக்குப் பேர்போனதென்று பிறரால் நெடுங்காலம் பேசப்பட்ட மட்டக்களப்பிலே இதனை ஆராய்தல் பொருத்தமுடைத்து.

'மஜீசியன்' என்பது பிரெஞ்சு மொழியின் 'மாசிசியேன்' என்பதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுச் சொல்லோ இலத்தீன் 'மாகுசு' என்பதன் வழிவந்தது. அதற்கு மூலம் கிரேக்க 'மாகோசு'. அதற்கும் மூலம் பழம் பாரசீக 'மகுசு'. பாரசீகத்தில் அது பழிச்சொல்லன்று. வேள்வி செய்யும் குருமாரின் பெயர். கி. மு. 5ஆம் நூற்றாண்டினரான எரொடோட்டசு, மாகர் என்போர் மீதியரின் ஆறு குலங்களுள் ஒன்று என்றும், கனவுக்குப் பொருள் உரைப்பவர் என்றும் எழுதினார். கி. மு. 490இலும் 480இலும் கிரேக்கர்க்கும் பாரசீகர்க்கும் பெரும்போர் நிகழ்ந்தன. அதே நூற்றாண்டில் எழுந்த சொபோக்கிளிசின் நாடகமொன்றிலே, ஈடிப்பசு மன்னன் குறிசொல்லும் முதியவரை வைதற்கு அச்சொல்லையே எடுத்தாளுகின்றான். பகைவரது குருவின் பெயர் தம் நாட்டு வஞ்சகனின் பெயராயிற்று. ஒருவன் வணங்கும் குரு அயலானுக்கு மாயக்காரனாகத் தோன்றுதல் அன்றே தொடங்கிய வழக்கு.

இவ்விருமுகப் பொருள் பைபிள் மொழிபெயர்ப்பாளரைப் படுத்திய பாடு நோக்கத்தக்கது. மத்தேயு நூலில் குழந்தை இயேசுவைக் காண வந்த கீழ்த்திசையாரும், அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் பர்யேசு என்னும் பொய்த் தீர்க்கதரிசியும் கிரேக்க மூலத்தில் ஒரே சொல்லாற் குறிக்கப்படுகின்றனர். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு முன்னவரை 'ஞானவான்கள்' எனவும் பின்னவனைச் 'சூனியக்காரன்' எனவும் பொருள்படப் பிரித்தது. பிரெஞ்சு மொழியார் முன்னவர்க்கு 'மாசு' என்னும் குறுஞ்சொல்லையும் பின்னவனுக்கு 'மாசிசியேன்' என்பதையும் வகுத்தனர். தமிழில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு முன்னவரைச் 'சாஸ்திரிகள்' என்றும் பின்னவனை 'மாயவித்தைக்காரன்' என்றும் கூறும். மூன்று மொழியாரும் ஒரு சொல்லை இரண்டாக்கினர். வணங்க வந்தவன் ஞானி. எதிர்த்து நின்றவன் மாயக்காரன். சொல் தானாக இழிவடையவில்லை. சொல்லுவோனின் சார்பே அதனை உயர்த்தியும் தாழ்த்தியும் வைத்தது.

இனி, இப்பொருள் பற்றிய ஏனைய மேலைச் சொற்களும் வெவ்வேறு தொழிலிற் பிறந்தவையே. பிரெஞ்சு 'சோர்சியே' என்பதும் ஆங்கிலச் 'சோசரர்' என்பதும் திருவுளச்சீட்டைக் குறிக்கும் 'சோர்சு' என்னும் இலத்தீன் சொல்லடியாக வந்தன. சீட்டெறிந்து வருவது பார்ப்பவன் என்பது பொருள். தமிழரது பழைய செய்யுட்களில் கழங்கு இட்டுக் குறிபார்க்கும் வேலனும், சுளகில் நெல்லிட்டுக் கட்டுப் பார்க்கும் கட்டுவிச்சியும் இத்தொழிலினரே. மட்டக்களப்புக் கோயில்களிற் சடங்கு செய்வோர்க்கு வழங்கும் 'கட்டாடியார்' என்னும் பெயரில் அக் 'கட்டு' நின்று நிலவுகின்றதெனக் கொள்ள இடமுண்டு. யாழ்ப்பாணத்திலே அதே சொல் ஆடை வெளுப்போரைக் குறித்தலின், வடக்கிலிருந்து வருவார் அதனைக் கேட்டு மயங்குவர்.

பிரெஞ்சு 'ஆன்சான்தேர்' என்பதனுள்ளே பாடுதலைக் குறிக்கும் வினை நிற்கின்றது; 'சார்ம்' என்னும் சொல்லும் பாட்டைக் குறிக்கும் இலத்தீன் 'கார்மென்' என்பதிலிருந்து பிறந்தது. 'விசார்ட்' என்னும் ஆங்கிலச் சொல் அறிவைக் குறிக்கும் அடியிலிருந்து வந்தது. வடமொழி 'வித்' என்னும் அடியும் அதுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். எனவே நம் 'வித்தை' அதற்கு நெருங்கிய உறவு. ஆயினும் வித்துவானுக்குப் பொன்னாடை போர்த்தும் நாம் வித்தைக்காரனுக்குச் சில்லறைக் காசே எறிகின்றோம். மந்திர நூலைக் குறிக்கும் பிரெஞ்சுக் 'கிரிமுவார்' என்பது இலக்கணத்தைக் குறிக்கும் சொல்லின் திரிபு. ஆங்கிலக் 'கிளாமர்' என்பதும் இசுக்கொத்துலாந்தார் வாயில் இலக்கணம் என்னும் சொல் திரிந்து மயக்கு வித்தையைக் குறித்ததேயாம். எழுத்தறியாதவர் கண்ணுக்கு ஏடு படிப்பவனே மாயக்காரன்.

கைத்தொழிலால் வந்த பெயர் ஒன்றும் உண்டு. 'பிரெசுத்திடிசிதாத்தேர்' என்பது விரைவையும் விரலையும் குறிக்கும் சொற்களைப் புணர்த்தி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரெஞ்சுக்காரர் ஆக்கிய பெயர். தமிழ் இதனை அவர்க்கு நெடுங்காலம் முன்னரே 'செப்பிடு வித்தை' எனத் தெளிவாகக் கூறிற்று. செப்புக்களை இட்டும் எடுத்தும் கண்ணை ஏய்க்கும் கைத்திறன் என்பது அதன் பொருள். 1856இல் பிரெஞ்சு அரசினர் அல்சீரிய நாட்டுச் சமயப் பெரியாரின் செல்வாக்கைக் குறைத்தற்பொருட்டு ரொபேர் ஊதேன் என்னும் கைவித்தையரை ஆங்கு அனுப்பினர். விரற்றிறனும் அருட்டிறனும் ஒன்றே என்று காட்டுதல் அரசியற் சூழ்ச்சியாகவும் அமைந்தமைக்கு இது சான்று.

இவற்றினும் வியப்புக்குரியது 'செய்வினை' என்னும் சொல். போர்த்துக்கேயர் மாயப்பொருளை 'பெய்த்திசோ' என்றனர். 'செய்யப்பட்டது' என்பதே அதன் சொற்பொருள். அதிலிருந்தே பிரெஞ்சு 'பெத்தீசு', ஆங்கிலப் 'பெத்திசு' என்பன பிறந்தன. அவர்கள் மட்டக்களப்பிற் கோட்டை கட்டியது 1628இல். ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியது 1638இல். அவர்தம் மொழியின் கிளைமொழியொன்று இந்நகர்ப் பறங்கியரிடை இன்றும் முற்றாக மறையவில்லை. ஆயினும் ஒருவர் மற்றவரிடம் கடன்வாங்கினார் எனக் கூறவேண்டுவதில்லை. தனக்கு நேர்ந்த துன்பம் தானாக வந்ததன்று, ஒருவன் செய்தது என்னும் அச்சம் மக்கட்குப் பொது. அவ்வச்சமே இரு கரையிலும் ஒரே சொல்லை ஆக்கிற்று.

இவற்றோடு 'மந்திரம்' என்னுஞ் சொல்லை ஒப்புநோக்குக. நினைத்தலைக் குறிக்கும் வடமொழி அடியிலிருந்து பிறந்த அது, நினைத்தற்குக் கருவியாயது எனப் பொருள்படும். அவ்வடியினின்றே அரசனுக்கு மறைவில் அறிவுரை கூறும் மந்திரியின் பெயரும் வந்தது. மந்திரி என்பது மலாய் நாட்டில் 'மெந்தெரி' ஆகிப் போர்த்துக்கேயர் வாயில் திரிந்து, சீன அதிகாரிகளைக் குறிக்கும் 'மண்டரின்' ஆயிற்று. ஒரு குடும்பத்துச் சொற்களுள் ஒன்று அரசவையில் அமர்ந்தது. மற்றொன்று சுடலையில் அலைவதாகப் பேசப்படுகின்றது. தொல்காப்பியரோ செய்யுளியலிலே பாட்டு, உரை, நூல், பிசி, அங்கதம், முதுசொல் என்பவற்றோடு வாய்மொழியையும் ஒருங்கு வைத்து, சொல் நிறைவுடையார் தம் ஆணையாற் கூறும் மறைமொழியே மந்திரம் என விளக்கினார். ஆண்டு அச்சத்துக்கு இடமில்லை; மந்திரம் ஓர் இலக்கிய வகை. திருமூலர் நூலுக்குத் திருமந்திரம் என்று பெயர் வழங்குதலும் இம்மரபு பற்றியதே.

இனி, மட்டக்களப்பார் 'பாயோடு ஒட்டவைப்பர்' என்னும் வழக்குரையை ஆராய்வாம். வடபகுதியார் இதனை மருந்தும் மந்திரமும் இட்டு ஆடவரை மயக்குதல் என்னும் பொருளிற் கூறினர். இந்நாட்டார் அதனை மறுத்து, வந்த விருந்தினர் பிரிய மனமின்றித் தங்கும் விருந்தோம்பற் சிறப்பே அதன் பொருள் என்றனர். இரண்டாவது விளக்கம் அன்பானது; ஆயினும் முழுமையானதன்று. இப்பகுதியின் தாய்வழிக் குடிமுறையிலே வீடும் வளவும் பெண்மக்கட்குச் சீதனமாகச் செல்லும். மணஞ் செய்தவன் மனைவியின் வீட்டிலே குடியிருப்பான். வடக்கிலிருந்து வந்த மகன் திரும்பாமைக்கு வழக்காறே போதிய காரணமாயிருக்க, வழக்காற்றை அறியாத தாயார்க்கு அது மந்திரமாய்த் தோன்றிற்று. பாரசீகக் குருவைக் கண்ட கிரேக்கனும் இவ்வாறே எண்ணினான். மட்டக்களப்பாரும் இக்குற்றத்துக்கு விலக்கல்லர். கொடிய மாந்திரிகம் எதுவென்று கேட்டால் அவர் கை மலையாளத்தை நோக்கும். எவ்வூரிலும் மந்திரவாதி என்பான் அடுத்த ஊரானே.

மேலும், விருந்தோம்பலைக் கூறி மாந்திரிகத்தை மறைக்க முயல்வோர், மாந்திரிகம் நாணத்தக்கது என்னும் பிறர் முடிபை ஏற்றுக்கொண்டவராகின்றனர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவற்குடா முதலிய ஊர்களில் வாழ்வார் மூவரை மூன்று பெயரால் வேறறிவர். சடங்கு நடத்துபவர் கட்டாடியார்; தண்ணீர் ஓதிக் கொடுத்தும் வேளாண்மைக்குக் காவல் செய்தும் வருபவர் மந்திரிப்பவர்; பிறர் கேட்டைக் கருதுபவன் சூனியக்காரன். மக்கள் பேச்சில் உள்ள இத்தெளிவு அகராதியில் இல்லை. ஓதுபவரின் நூலை நம்பிப் பாம்பு கடித்தவனை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லத் தாழ்த்தல் பெரும் பிழை. அச்சமூட்டிப் பொருள் பறித்தலோ குற்றம். அவற்றைக் கண்டிக்கவேண்டும். ஆனாற் குற்றவாளியைச் சரியாகக் கண்டிப்பதற்கும் அவனுக்கென ஒரு தனிப்பெயர் வேண்டுமன்றோ?

ஆதலின் மொழிபெயர்ப்போரும் ஆசிரியரும் ஒரு சொல்லோடு அமையாது, இடம் நோக்கிச் சொல்லைத் தெரிதல் வேண்டும். பாரசீகக் குரு மாகர் எனப்படுக. சோர்சியே சூனியக்காரன் எனப்படுக. ஆன்சான்தேர் மந்திரவாதி எனப்படுக. விசார்ட் வித்தகர் எனப்படுக. மேடையில் விரல்காட்டுபவர் செப்பிடு வித்தையர் எனப்படுக. இச்சொற்கள் புதியன அல்ல. எல்லாம் நம் வீட்டில் உள்ளவை. அவற்றை எடுத்து வழங்குவோமாயின், மாணாக்கர் பிறமொழி நூல்களைத் தெளிவாக உணர்வர். தம் ஊரைப் பற்றிய பழிச்சொல்லைக் கேட்கும்போது வெகுளாமலும் நாணாமலும் அதன் வரலாற்றை எடுத்துரைக்கவும் வல்லராவர்.