மால்கம் எக்ஸின் தன்வரலாறு: அறிவிப்பும் ஆய்வும்

கடந்த கல்வியாண்டில் 'நுக்பத்துல் ஃபிகர்' பாடம் நடந்துகொண்டிருந்தது. அறிவிப்பாளர் தொடரின் இறுதியில், தாபிஈக்கு அப்பால் உள்ளவர் விடுபட்டுப்போகும் 'முர்ஸல்' வகையை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், மால்கம் எக்ஸ் தம் வரலாற்றைத் தாம் பிறப்பதற்கு முன்னர் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு தொடங்குகிறாரே, அதை முர்ஸல் என்று சொல்லலாமா?" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்நிகழ்ச்சியை நானே எத்தனையோ மீலாது மேடைகளில், கண்ணால் கண்டவன்போல் சொல்லியிருக்கிறேன். அதன் மூலம் யாது என்று ஒருமுறையும் விசாரித்ததில்லை. ஹதீஸில் ஒரு சொல்லுக்காக ஊர் ஊராக அலைந்த முஹத்திஸுகளின் நூல்களைப் பாடம் சொல்லும் நான், இந்நூலுக்கு மட்டும் அந்த அளவுகோலைத் தளர்த்தியது ஏன் என்னும் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

'மால்கம் எக்ஸின் தன்வரலாறு' 1965ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 21ஆம் நாள் நியூயார்க்கின் ஆடுபான் மண்டபத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார். ஒப்பந்தம் செய்திருந்த டபுள்டே நிறுவனம் பின்வாங்கியதால் குரோவ் பதிப்பகம் அதனை வெளியிட்டது. அச்சேறிய வடிவத்தைச் சொன்னவர் காணவில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நூலை எழுத்தாக்கியவர் அலெக்ஸ் ஹேலி. அமெரிக்கக் கடலோரக் காவற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பத்திரிகையாளர். கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றிணைந்து வாழ்வதை விரும்பியவர். பிரிந்து வாழ்வதைப் போதித்துவந்த மால்கமுக்கு நேர் எதிரான கருத்துடையவர். 1963இலிருந்து இருவரும் இரவுகளில் அமர்ந்து பேசினர். ஒருவர் சொல்ல மற்றவர் குறித்துக்கொண்டார்.

ஆக, நம் கையில் இருப்பது மால்கமின் சொற்கள் அல்ல. ஹேலி கருத்தை வாங்கித் தம் மொழியில் தந்த 'ரிவாயத் பில் மஃனா'. அது தன்னளவில் குறையன்று. நம் ஹதீஸ்களிற் பலவும் அவ்வாறே வந்துள்ளன. ஆனால் கருத்தை அறிவிப்பவர் எத்தகையவர், எதனைக் கூட்டினார், எதனைக் குறைத்தார் என்று கேட்பது கடமையாகிவிடுகிறது.

இதற்கான சான்றை ஹேலியே தம் நீண்ட பின்னுரையில் தருகிறார். தாம் சொல்லாதது எதுவும் நூலில் இடம்பெறக் கூடாது, தாம் சொல்ல விரும்பியது எதுவும் விடுபடக் கூடாது என்று மால்கம் நிபந்தனை விதித்தார். தம் பார்வைக்கு உட்படாத பின்னுரை ஒன்றை எழுத ஹேலி இசைவு பெற்றுக்கொண்டார். தொடக்கத்தில் எலிஜா முஹம்மதின் புகழைத் தவிர வேறொன்றும் பேசாதிருந்த மால்கம், ஓர் இரவு தாயாரைப் பற்றிக் கேட்டபோது உடைந்து, விடியும்வரை நடந்துகொண்டே பேசினார் என்பதும் அப்பின்னுரைச் செய்தியே. பின்னர் 1964 மார்ச்சில் நேஷன் ஆஃப் இஸ்லாத்திலிருந்து விலகிய மால்கம், எலிஜாவைத் தந்தைபோல் போற்றிய பகுதிகளைச் சிவப்பு மையால் திருத்தி அனுப்பினார். ஹேலி தடுத்தார். வரப்போகும் பிரிவை முன்கூட்டியே காட்டிவிட்டால் வாசகருக்கு ஆவல் குன்றிவிடும் என்பது அவர் வாதம். இது யாருடைய நூல் என்று மால்கம் சினந்து கேட்டு, பிறகு இணங்கினார்.

உண்மைக்கும் கதைச் சுவைக்கும் இடையே ஓர் அறிவிப்பாளர் எதன் பக்கம் சாய்வார் என்பதற்கு அவருடைய வாக்குமூலமே போதும். ஜரஹ்-தஃதீல் கலையினர் ஓர் அறிவிப்பாளரின் பிற அறிவிப்புகளையும் புரட்டிப் பார்ப்பர். 1976இல் ஹேலி எழுதிய 'ரூட்ஸ்' உலகப் புகழ் பெற்றது. மறு ஆண்டில் சிறப்புப் புலிட்சர் விருதும் கிட்டியது. ஆனால் ஹெரால்ட் கூர்லாண்டரின் நாவலிலிருந்து பகுதிகள் எடுக்கப்பட்டதாக எழுந்த வழக்கு 1978இல் 6,50,000 டாலருக்குச் சமரசமாயிற்று. ஹேலி வரைந்த வம்சாவளியை வரலாற்றாய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. இவ்வளவும் இருக்க, ஹேலியைப் பொய்யர் பட்டியலில் சேர்க்க நான் துணியமாட்டேன். தம் தலையீடுகளைத் தாமே எழுதிவைத்தவரைப் பொய்யர் என்பது எப்படி? நினைவும் நேர்த்தியும் சார்ந்த 'ழப்த்' குறைந்தவர் என்பேன். அறிவிப்பு தனித்து நிற்கும்போது துணைச் சான்று தேட வேண்டியவர்.

இனி மாணவர் கேட்ட நிகழ்ச்சிக்கு வருவோம். மால்கம் பிறந்தது 1925 மே 19, நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில். அவர் தாயின் வயிற்றில் இருந்தபோது, கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தினர் இரவில் குதிரைகளில் வந்து வீட்டைச் சூழ்ந்து மிரட்டினர் என்று நூல் தொடங்குகிறது. 1991இல் வரலாறு எழுதிய புரூஸ் பெர்ரி, அத்தகைய நிகழ்ச்சி நடந்ததைத் தாயாரே மறுத்ததாக எழுதினார். பல்லாண்டுகள் குடும்பத்தாரிடம் நேர்காணல்கள் திரட்டி, மறைவுக்குப்பின் 2020இல் வெளிவந்த நூலில் லெஸ் பெய்ன் அதனை நடந்ததாகவே கொண்டு விவரிக்கிறார். தாயார் லூயிஸ் ஏறத்தாழ கால் நூற்றாண்டு மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர். அவருடைய பிற்கால மறுப்பு எத்துணை எடையுடையது என்பதும் ஆராயத்தக்கதே. சூழலைப் பார்த்தால், அதே ஒமாஹாவில் 1919 செப்டம்பரில் வெள்ளையர் கும்பல் நீதிமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்து, வில் பிரவுன் என்னும் கறுப்பரை இழுத்துச் சென்று கொன்றது. மார்கஸ் கார்வியின் இயக்கத்துக்காக ஊர் ஊராகப் பேசிய ஒருவரின் வீட்டை அவ்வூரில் மிரட்டுவது நடக்கக்கூடாத செயல் அன்று. நடக்கக்கூடியது என்பதும் நடந்தது என்பதும் ஒன்றல்ல. மாணவருக்கு நான் சொன்ன விடை: ஆம், முர்ஸல்தான், துணைச் சான்றுகளால் வலுப்பெறும் முர்ஸல்.

தந்தையின் மரணம் இதனினும் சிக்கலானது. 1931 செப்டம்பரில் மிச்சிகனின் லான்சிங் நகரில் ஏர்ல் லிட்டில் டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தார். அரசுப் பதிவு அதனை விபத்து என்கிறது. பிளாக் லீஜன் என்னும் வெள்ளையர் கூட்டம் அடித்துத் தண்டவாளத்தில் கிடத்தியது என்கிறது நூல். பெய்னின் ஆய்வு விபத்தின் பக்கமே சாய்கிறது. மால்கமும் வெவ்வேறு காலங்களில் இருவிதமாகப் பேசியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது ஆறு. சிறுவயதில் கண்டதை வளர்ந்தபின் அறிவிப்பது செல்லும். மஹ்மூத் இப்னு ரபீஉ (ரலி) ஐந்து வயதில் கண்டதை அறிவித்ததை இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார். ஆனால் மஹ்மூத் தம் முகத்தில் பட்ட நீரைச் சொன்னார். மால்கமோ தாம் காணாததை, வீட்டாரும் ஊராரும் பேசக் கேட்டதைச் சொல்கிறார். பிளாக் லீஜன் பற்றி நாடெங்கும் பேசப்பட்டது 1936இல் டெட்ராயிட்டில் ஒரு கொலை வழக்கு வெளிவந்தபோது. அப்போது பதினொரு வயதினராய் லான்சிங்கில் இருந்த சிறுவனின் மனத்தில், பெயரற்றிருந்த அச்சத்துக்கு அப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். இது என் ஊகமே.

இங்கு ஒரு தவறான முடிவுக்குச் சிலர் தாவுவர். கொலை நிறுவப்படவில்லையெனில் அக்குடும்பம் இனக்கொடுமைக்கு ஆளானதும் மிகையே என்பர். 1929இல் லான்சிங்கில் அக்குடும்பம் வாங்கிய வீட்டை, வெள்ளையரல்லாதார் அந்நிலத்தில் குடியிருக்கக் கூடாது என்னும் பத்திர நிபந்தனையைக் காட்டி, காலி செய்யுமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நவம்பரில் அவ்வீடு எரிந்தது. தாமே எரித்தார் என்று தந்தையைக் கைது செய்தது காவல்துறை, வழக்கு நிலைக்கவில்லை. பின்னாளில் ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்த இத்தீர்ப்பு, முகமூடிக் கூட்டத்தின் கதையைக் காட்டிலும் என்னை உலுக்கியது. இரவில் வந்தவர்கள் யார் என்பதில் ஐயம் இருக்கலாம். பகலில் முத்திரையிட்டுக் கையொப்பமிட்டவர்கள் பற்றி ஐயமில்லை.

ஹார்லெம் நகர்ப்புறத்தில் 'டெட்ராயிட் ரெட்' என்னும் பெயரில் அவர் புரிந்த குற்றங்களை நூல் விரிவாகச் சொல்கிறது. 2011இல் வெளிவந்து புலிட்சர் பெற்ற நூலில் மேனிங் மாரபிள், இப்பகுதி பெரிதும் ஊதிப் பெருக்கப்பட்டது என்கிறார். திருட்டு வழக்கில் 1946இல் சிறை சென்று 1952இல் வெளிவந்தது ஆவணமுள்ள செய்தி. மற்றவற்றுக்கு அவ்வளவு சான்றில்லை. நமக்கு இது புதிதன்று. கொள்ளையராய் இருந்து இறைநேசரான ஃபுளைல் இப்னு இயாளின் கதை முதற்கொண்டு, தவ்பா வரலாறுகளில் முன்னைய இருள் எவ்வளவு அடர்கிறதோ அவ்வளவுக்குப் பின்னைய ஒளி துலங்கும். சொல்பவருக்குப் பணிவாகத் தோன்றுவது, கேட்பவருக்கு அலங்காரமாகிவிடும். அல்லாஹ் மறைத்த பாவத்தை மறைத்துக்கொள் என்று போதிக்கும் மார்க்கத்தில், செய்யாததையும் ஏற்றிச் சொல்லும் வழக்கம் எப்படி நுழைந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

நம்மவர் அதிகம் எடுத்தாள்வது மக்கா அத்தியாயத்தை. ஹிஜ்ரி 1383, அதாவது 1964 ஏப்ரலில் ஹஜ்ஜுக்குச் சென்ற மால்கம், நீலக்கண் வெள்ளையருடன் ஒரே தட்டில் உண்டு, ஒரே விரிப்பில் தொழுது, வெள்ளையர் எல்லாரும் ஷைத்தான்கள் என்னும் கொள்கையைக் கைவிட்டார் என்பது செய்தி. அவ்வமயமே அவர் எழுதிய மடல் மே மாதத்தில் நியூயார்க் டைம்ஸில் வெளிவந்தது. பயண நாட்குறிப்பும் 2013இல் அச்சாகிவிட்டது. எனவே மடலின் கருத்தில் ஐயமில்லை. ஐயம், அம்மாற்றம் ஒரே வாரத்தில் மின்னலெனப் பாய்ந்தது என்னும் தோற்றத்தில்தான். 1959 ஜூலையிலேயே எலிஜாவின் தூதராக எகிப்து, சவூதி அரேபியா, சூடான் முதலிய நாடுகளுக்குப் போய்வந்தவர் அவர். எல்லா நிறத்து முஸ்லிம்களையும் அப்போதே கண்டார். முஸ்லிம்களிடையே நிறவேற்றுமை இல்லை என்று அப்பயணத்தின்போதே எழுதினார். நூலில் அப்பயணம் போகிறபோக்கில் வந்து மறைகிறது. உரைகளுக்குப்பின் அரபு நாட்டினர் வந்து, உண்மை இஸ்லாத்தை அறியுமாறு வேண்டினர் என்று நூலே ஓரிடத்தில் சொல்கிறது. கண்டதை ஐந்தாண்டுகள் ஏற்கத் தயங்கிய ஒரு மனிதரின் போராட்டம் அங்கே இருக்கிறது. எலிஜாவின் மீதிருந்த விசுவாசம் அவர் கண்ணைக் கட்டியிருந்தது. அப்போராட்டத்தை ஒரு விமானப் பயணமாகச் சுருக்கியதில் ஹேலிக்குப் பங்குண்டு. அதனை மேடையில் முழங்கிய எனக்கும் உண்டு.

அதே அத்தியாயத்தில் எந்த ஆய்வாளரும் அசைக்காத ஓரிடம் உள்ளது. ஜித்தா விமான நிலையத்தில் அமெரிக்கக் கடவுச்சீட்டின் காரணமாக நிறுத்தப்பட்ட மால்கம், பன்னிரண்டு ஆண்டுகள் முஸ்லிம் போதகராய் இருந்தும் தமக்குத் தொழுகையின் முறை தெரியவில்லை, அமர்வில் கால்களை மடக்கவும் இயலவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். தமக்கு எதிராகத் தாமே தரும் இக்ரார் இது. ஃபிக்ஹிலும் வரலாற்றிலும் இதற்குத் தனி மதிப்புண்டு.

சொல்லாமல் விட்டதும் உண்டு. 1961 ஜனவரியில் எலிஜாவின் கட்டளைப்படி அட்லாண்டாவில் கிளான் பிரதிநிதிகளுடன் மால்கம் பேச்சு நடத்தினார். இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு அதனை வெட்கத்துடன் மேடையில் அறிவித்தார். கிளான் மிரட்டலில் தொடங்கும் நூலில் கிளானுடன் அமர்ந்த செய்தி இல்லை. அதுபோல் அச்சில் வராத 'தி நீக்ரோ' என்னும் அத்தியாயத்தை 2018இல் ஏலத்தில் 7,000 டாலருக்கு ஹார்லெமின் ஷாம்பர்க் ஆய்வு மையம் வாங்கியது.

விமரிசகர்களையும் விசாரணையின்றி விட முடியாது. அவர்களின் ஆதாரங்களில் பெரும்பகுதி காவல்துறைப் பதிவுகள், எஃப்.பி.ஐ. கோப்புகள், வெள்ளையர் நடத்திய நாளிதழ்கள். மால்கம் கொலைக்காக 1966இல் தண்டிக்கப்பட்ட மூவரில் முஹம்மது அஸீஸ், கலீல் இஸ்லாம் ஆகிய இருவரும் நிரபராதிகள் என்று 2021 நவம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அறிவித்தது. அவர்களுக்குச் சாதகமான சான்றுகளைக் காவல்துறையும் எஃப்.பி.ஐ.யும் மறைத்தது வெளிப்பட்டது. அஸீஸ் இருபது ஆண்டுகள் சிறையில் கழித்தவர். கலீல் இஸ்லாம் இத்தீர்ப்பைக் காணாமலே 2009இல் இறந்தார். தத்லீஸ் செய்ததாக நிரூபணமான அறிவிப்பாளரின் பதிவை வைத்துக்கொண்டு ஒரு கறுப்பினக் குடும்பத்தின் நினைவை மறுப்பவர், அப்பதிவையும் அதே தராசில் நிறுக்கக் கடமைப்பட்டவர்.

அந்த மாணவரிடம் மக்கா அத்தியாயத்தையும் நாட்குறிப்பின் அதே நாட்களையும் கொடுத்து, வேறுபடும் இடங்களைப் பட்டியலிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். ஜித்தா விமான நிலையத்து இரவு வரை முடித்திருக்கிறார்.